செம்பனைக்குள் எங்களோடு நடந்தவர்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சுங்கை ஊடாங்கில் ஓர் எண்ணெய் ஆலையில் இருபத்து மூன்று வருஷமாகப் பம்பு பழுது பார்க்கிறவன் நான். ஒரு பம்பு அதிர்ந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் நாம் சரியாகத் தேடவில்லை. கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், ஆனால் பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள்.

என் மனைவி வசந்தா இறந்து ஒன்றரை வருஷமாகிறது. அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, "இடது கை கனமா இருக்குதுங்க" என்றாள். "அந்தப் பக்கமே படுத்திருப்ப, நான் வந்ததும் கிளினிக் போகலாம்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடமும் சரி, ஜொகூரிலிருந்து அழுதுகொண்டே ஓடிவந்த மகள் கவிதாவிடமும் சரி, காலையில் நன்றாகத்தான் இருந்தாள் என்றுதான் சொன்னேன். கை கனத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

எங்களுக்குக் கோப்பி என்று ஒரு நாய். வசந்தா புலாவ் செபாங் ரயில் நிலையத்துப் பக்கம் குட்டியாகக் கிடந்ததைத் தூக்கி வந்து வளர்த்தது, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். அவள் போன பிறகு அது கேட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டது, நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அது சாப்பிடவில்லை. நானும் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

நாங்கள் குடியிருக்கும் தாமானின், அதாவது வீடமைப்புப் பகுதியின், முன்வீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர் காதர் அண்ணன். நாயைத் தொடமாட்டார், ஆனால் கோப்பிக்கென்று ஆட்டெலும்பை எடுத்துவைத்து வசந்தாவிடம் கொடுத்தனுப்புவார். ஒருநாள் பொட்டலத்தோடு அவரே வந்து கேட்டுக்கு வெளியே தள்ளி நின்றார்.

"தம்பி, இது இப்படியே கிடந்தா செத்துப்போகும் லா. வெளிய கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கும் கொஞ்சம் காத்துப் பட்ட மாதிரி இருக்கும்."

அப்படித்தான் நடக்க ஆரம்பித்தோம். தாமானுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. முன்பு அது ரப்பர் தோட்டமாக இருந்தது, வசந்தா பிறந்ததே அங்கே தொழிலாளர் லயத்து வீட்டில்தான். லயத்தையெல்லாம் இடித்துவிட்டார்கள், மிச்சம் ஒரு சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டியும் அதை ஒட்டி ஒரு தகரக்கூரையும் இரண்டு பலா மரமும். முதல் வாரம் கோப்பி பாதித் தூரம் போய்த் திரும்பிவிட்டது. இரண்டாவது வாரம் ஓர் உடும்பைப் பார்த்துத் துரத்தியது, நான் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினேன், ஓடி மூச்சு வாங்கி நின்றபோதுதான் அன்றைக்கு அதுவரை வசந்தாவின் நினைப்பே வரவில்லை என்று தெரிந்தது. அதற்காக அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். மழை பெய்து விட்ட மண் வாசம், மட்டைக்குள் பறவைகள் போடும் சத்தம், சேற்றில் உருண்டு எழுந்து என் கால்சட்டை மேலேயே உதறும் நாய், இவ்வளவுதான். இவ்வளவு எனக்குப் போதுமாயிருந்தது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வசந்தா இருந்தபோது எங்களோடு நடந்தால் கோப்பி எப்போதும் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் வரும். இப்போதும் அது எனக்கு ஒட்டி நடக்காது. ஓர் ஆள் நடக்கிற அளவு இடத்தை அந்தப் பக்கம் விட்டு நடுவில் வரும், அவ்வப்போது அந்தப் பக்கம் அண்ணாந்து பார்க்கும். எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது, நம்பினால் நம்புங்கள். அவள்தான் வருகிறாள் என்று நினைத்துப் பேச ஆரம்பித்தேன். ஆலையில் நடந்தது, கறிக்குப் புளி கூடிப்போனது, எல்லாம். ஒரு சனிக்கிழமை நாலு மணி இருக்கும், பெரிய மழை, தொட்டியை ஒட்டிய தகரக்கூரைக்கடியில் ஒதுங்கி நின்றபோது அந்தக் காலை வேளையையும் சொல்லிவிட்டேன். நான்தான் காத்திருக்கச் சொன்னேன், நான் வண்டியைத் திருப்பியிருந்தால் நீ இருந்திருப்பாய் என்றேன்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. ஒட்டுப்பால் நாற்றம், மரத்திலேயே ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால், ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், புளித்து அழுகிய மாதிரி, சட்டையில் பட்டால் துவைத்தாலும் போகாது. பால்மரத்தையெல்லாம் வெட்டிச் செம்பனை நட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. மழையில் நனைந்துகொண்டே தொட்டியைச் சுற்றிப் பார்த்தேன், கால்வாயில் குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஆனால் மனசு லேசாகிவிட்டது. யாரோ கேட்டார்கள் என்று தெரிந்தது. கேட்டது வசந்தா என்று நானாக வைத்துக்கொண்டேன்.

வருஷத் திதிக்குக் கவிதா வந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளும் எங்களோடு நடக்க வந்தாள். நல்ல வெயில். அன்று கோப்பி நடுவில் வரவில்லை. கவிதாவின் முழங்காலில் உடம்பை வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது.

"என்னப்பா இது, என்னைய வீட்டுக்கே திருப்பி அனுப்பிடும் போல," என்று சிரித்தாள். "நீங்க முன்னால போங்க, நான் வீடியோ எடுக்கிறேன்."

நான் முன்னால் நடந்து வழக்கம்போல வசந்தாவிடம் பேசினேன். மகள் வந்திருக்கிறாள் என்றேன், இளைத்துவிட்டாள் என்றேன். எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போது கவிதா அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

"அப்பா, இதுல யாருகிட்ட பேசுறீங்க?"

"உங்கம்மாகிட்டதான்மா. தினமும் பேசுவேன்."

"அம்மாவ நீங்க 'வாங்க, போங்க'ன்னா கூப்பிடுவீங்க?"

போனை வாங்கிப் பார்த்தேன். பாதையில் நான் நடக்கிறேன். வேர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த துண்டு, அந்தக் காலத்துத் தோட்டக் கூலிகள் துரை முன்னால் வைப்பது மாதிரி என் கக்கத்தில் இருக்கிறது. முதுகு வளைந்திருக்கிறது. என்னைவிட உயரமான ஓர் ஆளுக்கு அரையடி பின்னால் நடக்கிறவன் மாதிரி முகத்தைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே போகிறேன். "ஆமாங்க," என்கிறேன். எதிராளி ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிற நேரம் சும்மா இருக்கிறேன். "இல்லைங்க," என்கிறேன். மறுபடியும் சும்மா இருக்கிறேன். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் நான் வசந்தாவை ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. ஆலையில் மேனேஜர் முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

கடைசியில் நான் தலையை ஆட்டிச் சொல்வது தெளிவாகக் கேட்கிறது. "சரிங்க. அவளையும் கூட்டிட்டு வர்றேங்க."

"யாரைப்பா கூட்டிட்டு வர்றேன்னு சொன்னீங்க?"

"தெரியலம்மா."

அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. மழையில் யாரிடமோ சொன்னதை மகளிடம் சொல்லாமல் இருப்பதா என்று அந்தக் காலை வேளையைப் பற்றிச் சொல்லிவிட்டேன், கை கனத்தது, நான் கிளம்பிப் போனது, எல்லாம். கத்துவாள் என்று பார்த்தேன். அவள் கிளாசைத் தள்ளிவைத்தாள்.

"அன்னைக்கு ஒம்பது மணிக்கு அம்மா எனக்கும் போன் பண்ணாங்கப்பா. மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்னு வச்சிட்டேன். யாருகிட்டயும் சொல்லல."

இரண்டு பேரும் நெடுநேரம் அழுதோம். கோப்பி மேசைக்கடியில் வந்து இருவர் காலிலும் படுத்துக்கொண்டது. வசந்தா போன பிறகு அன்றுதான் அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து அழுதது.

காதர் அண்ணனிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அங்க இனிமே போகாதீங்க தம்பி. கேட்டது யாருன்னே தெரியாதப்ப, சொன்ன வாக்கையும் நெனச்சிக்கிட்டு இருக்காதீங்க," என்றார். அதன் பிறகு போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் கோப்பியைக் காரில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோகிறேன், அலையைப் பார்த்துக் குரைக்கிறது, என் காலோடு ஒட்டி நடக்கிறது. ஒரு குறையும் இல்லை. அலுப்பில் மனசும் வாயும் ஏதோ செய்திருக்கும் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம், நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

ஆனால் கவிதா ஜொகூருக்குப் போகும்முன் அந்த வீடியோவை எனக்கு அனுப்பிவைத்தாள். ஒருநாள் மதியம் ஆலைக் கேண்டீனில் காதில் இயர்போன் மாட்டி அதைக் கடைசிவரை கேட்டேன். நான் "கூட்டிட்டு வர்றேங்க" என்று சொன்ன பிறகு வீடியோ இன்னும் இரண்டு மூன்று விநாடி ஓடுகிறது. அதில் போனுக்கு வெகு அருகில், மெதுவாக, ஒரு பெண்குரல் "சரிங்க" என்கிறது. கவிதாவின் குரல். அது அவளுக்குத் தெரியுமா என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

போன வாரம் போனில் பேசும்போது அடுத்த மாதம் லீவு போட்டு வருவதாகச் சொன்னாள். சாப்பாடு, மருந்து எல்லாம் விசாரித்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எஸ்டேட்டுப் பக்கம் எப்பப்பா போகலாம்?"

கோப்பிக்குக் கால் வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.