கிடை விழாத மூலை

போன சித்திரையில், பஸ் புறப்படும்போது, "நானும் கூட வாரேன்" என்று எஸ்தர் அக்காவிடம் நான் சொல்லவில்லை. காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்குத் துணையாக அவருடைய தகப்பனார் இருந்தார். உடன் வேலை பார்ப்பவள் என்பதைத் தவிர எனக்கு என்ன உரிமை?

நேற்று, அவர் மறைந்த செய்தி அருப்புக்கோட்டைக்கு வந்தது. பள்ளியில் ஆசிரியையாக அவரை அறிந்த நீங்கள் அவருடைய பாட்டையும் கண்டிப்பையும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு நினைவில் நிற்பது பரளச்சியில் அவர்கள் வீட்டுத் தரிசு.

ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முந்தின மாலை என்னை அங்கே கூட்டிப்போனார். கோடை மழைக்குப் புல் தலைகாட்டியிருந்தது. மேலே ஒரு வானம்பாடி பாடிக்கொண்டிருக்க, அதன் பெட்டை சற்றுத் தள்ளி இறங்கியது. நான் அங்கே ஓடினேன். வெறும் தரை.

"ஏ ரூத்து, எறங்குற எடத்துல வீடு இருக்காது. தள்ளி எறங்கி நடந்துதான் போகும். பொறு," என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

காத்திருந்து பார்த்தோம். மாட்டின் குளம்பு பதிந்த பள்ளத்தில், புல்தூரின் மறைவில், காய்ந்த புல்லால் ஒரு சின்னக் கிண்ணம். உள்ளே புள்ளி விழுந்த மூன்று முட்டைகள்.

அன்றிரவு அந்தத் தரிசில்தான், உரத்துக்காக, ஆட்டுக்கிடை. படல்களோடு கிடைக்காரர் வந்துவிட்டார். ஆடுகளை அடைத்தால் கூடு மிதிபட்டுவிடும். அந்த மூலையை விட்டுவிடச் சொன்னார் அக்கா.

"புழுக்கை விழலைன்னா உங்க ஐயா என்னையத்தான ஏசுவாக?"

"அவுக ஏச்சு எனக்குப் பழக்கம். எம் பேரச் சொல்லிருங்க."

"குருவிக்காகக் கிடைய நகத்துனவன்னு ஊரே சிரிக்கப் போகுது, தாயி!"

முனகிக்கொண்டே படலைத் தள்ளி நட்டார். அடையாளமிருக்கட்டும் என்று ஒரு குச்சியில் துணி கட்டிக் கூட்டருகே ஊன்றினார். அக்கா அதைப் பிடுங்கிவிட்டார். "காக்காய்க்கு நாமளே வழி காட்டணுமாக்கும்?"

திரும்பும்போது சொன்னார்: "குஞ்சுக பறக்கத் தெரியுமுன்னயே கூட்ட விட்டு நடந்து போயிரும். அதுக்குள்ள வந்துருவேன். நீ பாத்துக்க."

மறுநாள் கரிப்புகை விட்டுக்கொண்டு நின்ற பஸ்ஸிலிருந்தும் அதையே சொன்னார். நான் தலையாட்டினேன்.

இப்போதெல்லாம் ஒரு வானம்பாடி இறங்கினால், இறங்கிய இடத்தை நான் பார்ப்பதில்லை. சற்றுத் தள்ளி எங்காவது புல் அசைகிறதா என்று பார்த்து நிற்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நிற்றல்தான்.

மூன்று முட்டைகளும் பொரித்தன. குஞ்சுகள் நடந்து புல்லுக்குள் போயின. அக்கா வரவில்லை.