கிணற்று முறையும் கிரீன்விச் நேரமும்

நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் பெட்டியை எங்கள் பெரியப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். கம்பம் ஊரிலிருந்து மலையைப் பார்த்துப் போகும் வண்டிப்பாதையில், தோட்டத்தின் கோடியில் ஒரு பாறை உண்டு. மண்ணுக்குக் கீழே எவ்வளவு தூரம் போகிறதோ தெரியாது. ஆராய்ச்சித் திட்டத்தில் நான் கள உதவியாளன். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் என்பதால், பெட்டி என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. நம்ம பையன் வைக்கிறான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பெட்டி எழுதும் கோப்புகள் உலகம் முழுக்க ஒரே வடிவத்தில் இருப்பவை. ஜப்பான்காரன் எழுதியதை நான் படிக்கலாம், நான் எழுதியதை அவன் படிக்கலாம். ஒவ்வொரு துண்டின் தலையிலும் நிலையத்தின் குறி, தேதி, நேரம். அதற்குப் பின்னால் தரை ஆடிய அளவு, வெறும் எண்களாக. அதைத் திறக்கும் மென்பொருள் சென்னையில் பெரிய கணினியில் மட்டும் ஓடியது. எனக்குக் கொடுத்த பழைய மடிக்கணினியில் அது ஏறவில்லை. தேனியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வடிவத்தின் விளக்க நூலை இறக்கி, கோப்பைப் படித்துக் காட்டும் சிறு நிரலை நானே எழுதினேன். முதலில் ஆண்டு என்ற இடத்தில் ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. எண்ணின் இரண்டு பைட்டுகளில் எது முன்னால் வரும் என்பதை மாற்றிப் படித்திருந்தேன். அதைச் சரி செய்த பின் கோடுகள் ஒழுங்காக விழுந்தன.

திட்டத்தின் தலைவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லியிருந்தார்: நேரத்தில் கை வைக்காதே. கோப்பில் இருப்பது கிரீன்விச் நேரம். நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். திரையிலும் அப்படியே காட்ட வேண்டும்.

அந்தக் கோடையில் கிணறு இறங்கிக்கொண்டே போனது. கிணறு பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. (என் அப்பா ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறிய காலத்திலேயே தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டார்.) மோட்டாரை ஓட்டும் த்ரீ ஃபேஸ் கரண்ட் பகலில்தான் வரும். காலை ஆறிலிருந்து உச்சிவரை பெரியப்பா முறை, உச்சியிலிருந்து ஆறுவரை சித்தப்பா முறை. முறை மாறும்போது மோட்டாரை நிறுத்தி, தண்ணீரை அடுத்த தோட்டத்துக்கு விடும் கேட்வால்வைத் திருப்பி, மறுபடி போடுவார்கள். கரண்ட் கனெக்‌ஷன் பெரியப்பா பேரில் இருந்தது. பக்கத்திலேயே சித்தப்பாவின் திராட்சைப் பந்தல்; அதில் காய் திரண்டு நின்றது.

கோப்பு எடுக்க நான் போன ஒரு காலையில் பெரியப்பா மோட்டார் ரூம் வாசலில் நின்றார்.

"ஏலே, உம் பெட்டி தரை ஆடுறத எல்லாம் எழுதுதுல்ல? மோட்டார் ஓடுறதும் அதுல விழுகுமா?"

"விழுகும் பெரியப்பா. அதுதான் எனக்குத் தொந்தரவே. பட்டை பட்டையாக் கறுப்பாத் தெரியும்."

"அப்பப் பாத்துச் சொல்லு. ராத்திரி நிக்கிற தண்ணி விடியயில இல்ல. எவனோ ஓட்டுறான்."

எவனோ என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. அது மட்டும் உறுதியானால் கனெக்‌ஷனைப் பிடுங்கிக்கொண்டு தனியாகப் போர்வெல் போட்டுக்கொள்வதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தார். கனெக்‌ஷன் போனால் சித்தப்பா பந்தல் பத்து நாள் தாங்காது.

மடிக்கணினியைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வைத்து முந்தின நாள் கோப்பைத் திறந்தேன். பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஐந்தாவதோடு நின்றவர். மார்க்கெட்டில் எடை போட்டுப் போட்டு, எண்ணைக் கண்டால் விடமாட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் திரையில் விரலை வைத்துவிட்டார்.

"இந்தா பாருங்கப்பா. ராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சிருக்கு. மதியம் பன்னெண்டரையோட நின்னுபோச்சு. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. தன் முறைக்கு ஓட்டவே இல்ல, ராத்திரியே இறைச்சு முடிச்சிருக்காக!"

"ராத்திரி த்ரீ ஃபேஸ் ஏதுடா?"

"கன்டன்சர் போட்டு ரெண்டு ஃபேஸ்ல ஓட்டலாம்ல. மேலத்தோட்டத்துல அதானே நடக்குது."

சத்தம் கேட்டுப் பந்தலுக்கு அடியிலிருந்து குனிந்தபடி சித்தப்பா வந்தார். கையில் கத்தரி.

"என்னண்ணே, காலங்காத்தால?"

"நீ எத்தனை மணிக்குடா தூங்குற?"

"எட்டரைக்கு. ஏன், தாலாட்டுப் பாட வாறீகளா?"

அது கிரீன்விச் நேரம், ஐந்தரையைக் கூட்ட வேண்டும், கூட்டினால் காலை ஆறுக்கு ஆரம்பித்து மாலை ஆறுக்கு முடிகிறது, ராத்திரி மோட்டாரே ஓடவில்லை, தண்ணீர் குறைவது கோடையால்தான் என்று சொன்னேன். பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்தார்.

"பெட்டி ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்லுற. உங்க சித்தப்பனுக்காக மணியவே மாத்துவியா?"

"நான் மாத்தலை பெரியப்பா."

"பின்ன எவன் மாத்துனான்? லண்டன்காரன் வந்து நம்ம தோட்டத்துல மோட்டார் போட்டானா?"

அண்ணன் சிரித்தார். எவ்வளவு விளக்கினாலும் அந்த இடத்தில் என் பேச்சுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தது. மோட்டார் அப்போது பெரியப்பா முறையில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்க வாச்சுல இப்ப மணி என்ன?"

"பத்து."

"பெரியப்பா, நீங்களே போயி மோட்டாரை நிறுத்துங்க. கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க."

நிறுத்தினார். பிறகு போட்டார். பாறைக்குப் போய்க் கோப்பை எடுத்து வந்து அவர்கள் கண் முன்னாலேயே திறந்தேன். கறுப்புப் பட்டையின் நடுவே ஒரு வெள்ளை இடைவெளி. மேலே நாலரை என்று இருந்தது.

"நாலரைக்கு நீங்க நிறுத்துனீகளா பெரியப்பா?"

அவர் வாச்சைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "நாலரைக்கு நான் எந்திரிக்கவே இல்லையேடா" என்றார்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அண்ணனுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. முந்தின நாள் கோப்பை மறுபடி திறக்கச் சொல்லி, பட்டைகளுக்கு ஒவ்வொன்றாக ஐந்தரையைக் கூட்ட ஆரம்பித்தார்.

"பன்னெண்டரையும் அஞ்சரையும் ஆறு. சரி, நம்ம போட்டது. இங்கன ஒரு வெள்ளை, கேட்வால்வு திருப்புன நேரம். ஏழு மணி. ஏழும் அஞ்சரையும் பன்னெண்டு... பன்னெண்டரை."

உச்சியில் நிற்க வேண்டிய மோட்டார் அரை மணி நேரம் கழித்து நின்றிருந்தது. அந்த அரை மணி சித்தப்பா முறையிலிருந்து போயிருந்தது. அதற்கு முந்தின நாளும் அப்படியே. அண்ணன் விரலை எடுத்துக்கொண்டார்.

சித்தப்பா கத்தரியின் நுனியை வேட்டியில் துடைத்தார். "எனக்குத் தெரியாதாக்கும்? நெதம் அந்தா அந்த வரப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"பாத்தா கேக்க வேண்டியதுதானே?" என்றார் பெரியப்பா.

"கேட்டா நீங்க கனெக்‌ஷனைப் பிடுங்குவீகன்னு பயம்."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். அவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கனெக்‌ஷன் எங்கயும் போகாது. ஆனா இந்தப் பெட்டி இங்கன இருக்கக் கூடாது."

"ஆமாண்ணே," என்றார் சித்தப்பா உடனே. "ஒண்ணுக்கு இருந்தாக்கூட எழுதிக்கும் போல."

அடுத்த வாரம் பெரியகுளத்துப் பக்கம் மலையடியில் மோட்டார் சத்தமே இல்லாத ஒரு பாறையைத் தலைவர் பார்த்துச் சொன்னார். ஜீப் வந்தது. பெட்டி கனமானது. பெரியப்பா ஒரு பக்கமும் சித்தப்பா ஒரு பக்கமும் பிடித்து ஏற்றிவிட்டார்கள். பார்த்துடா, பார்த்துண்ணே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த அறுவடைக்கு இரண்டு பந்தலிலும் காய் இறங்கியது. கேட்வால்வை எத்தனை மணிக்குத் திருப்பினார்கள் என்பதற்கு மட்டும் என்னிடம் பதிவு இல்லை.