பீச்சாங்கைத் தேய்மானம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி இதிலெல்லாம் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை கிடையாது, அதற்கு முன்பும் கிடையாது. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், உங்களுக்கும் வந்திருக்கும், அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். ஆனால் இந்தத் தனசேகர் வேலையில் ஏமாற்றினான் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எண்பதுகளில் மண்ணூர் ரோட்டோரம் எனக்கு ஒரு பெயிண்டிங் ஷெட் இருந்தது. லாரி, வேன், கம்பெனி பஸ் எல்லாவற்றுக்கும் டச்சப் வேலை. அடிபட்ட ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தால் பக்கத்துக் கதவோடு சேராமல் பல்லைக் காட்டும். நான் அடித்தால் எது புதுசு எது பழசு என்று வண்டிக்காரருக்கே தெரியாது. கலந்த பெயிண்டில் ஒரு சொட்டு எடுத்து இடது கட்டைவிரல் நகத்தில் வைப்பேன், காய்ந்ததும் வெயிலுக்குப் போய்ப் பழைய பெயிண்டோடு நகத்தை ஒட்டிப் பார்ப்பேன், சொட்டு எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் ஷேடு சேர்ந்துவிட்டது. ட்யூப் லைட்டில் ஷேடு பார்க்கிறவன் என்னைக் கேட்டால் பெயிண்டரே இல்லை.

ஒருநாள் ஜெயசீலன் என்பவர் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்தார். படப்பைப் பக்கம் கல்யாண வீடுகளில் கச்சேரி செய்யும் குழு ஒன்றை நடத்துகிறவர். கிட்டார் வெளிநாட்டுச் சரக்கு, சிவப்பு. ஆனால் வெயிலும் வியர்வையும் பட்டு செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. விளிம்பில் ஓரிடத்தில் மாங்கொட்டை அளவுக்குப் பெயிண்ட் போய் மரமே தெரிந்தது.

"என்னோட கிட்டாருதான் தனசேகரு. புதுசுல எப்டி இருந்துச்சோ அதே கலர் வோணும். இந்தத் தேஞ்ச எடம் மட்டும் தெரியவே கூடாது, இன்னா?"

எப்படிப் பிடித்து வாசிப்பீர்கள் என்று சும்மா கேட்டேன். பிடித்துக் காட்டினார். அவருடைய வலது கை கிட்டாரின் மேல் விளிம்பில் உட்கார்ந்தது, தேய்ந்த இடமோ கீழ் விளிம்பில், தொடைப் பக்கம் இருந்தது.

"கை மேலதானே படுது, கீழ ஏன் தேஞ்சிகீது?" என்றேன்.

"பெயிண்ட் அடிக்கச் சொன்னா அடி. கேள்வி கேக்கவா உன்னாண்ட வந்தேன்?"

கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு விட்டிருக்கக் கூடாது.

கம்பிகளைக் கழற்றி, நடுவில் இருந்த பிளாஸ்டிக் தட்டையும் எடுத்தேன். அதற்கடியில் வெயிலே படாத அசல் சிவப்பு இருந்தது, லேசாக ஆரஞ்சு ஓடிய சிவப்பு. அதைப் பிடிக்க மூன்று நாள் கலந்தேன், மூன்றாம் நாள் நகத்தில் இருந்த சொட்டு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தேய்ந்த இடத்தில் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து, முழுக் கிட்டாருக்கும் ஆறு கோட் அடித்தேன். கடையில் தொங்குகிற கிட்டார் மாதிரி இருந்தது, என் வேலையை நானே இப்படிச் சொல்வது தப்பாகத் தெரிந்தால் தெரியட்டும்.

மறுநாள் காலை ஜெயசீலன் வந்தார். மூடி வைத்திருந்த துணியை எடுத்தால் செங்கல் நிறம். அதே இடத்தில் மாங்கொட்டை, அதே மரம்.

"சும்மா தொடச்சி வெச்சிகினு பெரிய ஷேடுகாரன்னு பேரு வேற! ஃபிராடுத்தனம் பண்றியா?" என்று ரோட்டில் நின்று கத்தினார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். என் கையில் அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை, அதைக் காட்டினேன், ஒருத்தன்கூடப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷம் சம்பாதித்த பேர் ஐந்து நிமிஷத்தில் போயிற்று.

"இங்கயே குந்து. உன் கண்ணு முன்னால அடிக்கிறேன்" என்றேன்.

மறுபடி பட்டி, மறுபடி பேப்பர், மறுபடி பெயிண்ட். லாரிக்கு அடிக்கிற பெயிண்ட் இல்லை அது, சீக்கிரம் காயும் ரகம். உச்சி வெயிலில் ஸ்டூல் மேல் வைத்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சலித்துப் போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்தது. பளபளவென்று இருந்தது. அப்புறம் கீழ் விளிம்பில் சிவப்பு வெளுக்க ஆரம்பித்தது. யாரோ முழங்கையை வைத்து ஆட்டி ஆட்டித் தேய்க்கிற மாதிரி ஒரே இடத்தில் தேய்ந்தது, ஸ்டூல் மேல் சிவப்புப் பொடி கொட்டியது, சுற்றி இருந்த சிவப்பும் திட்டுத்திட்டாகச் செங்கல் நிறத்துக்கு மாறியது. காற்று இல்லை. கிட்டாரும் அசையவில்லை.

பயந்திருக்க வேண்டும் இல்லையா? எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "யாருய்யா அது? நான் அடிச்ச பெயிண்ட்ட அழிக்க நீ யாரு? கைய எடுய்யா!" என்று கத்தினேன்.

ஜெயசீலன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "டேவிட்டு... பீச்சாங்கை... உட்டுர்றா, லில்லியாண்டயே குடுத்துர்றேன்டா" என்று உளறினார். கிட்டாரை விட்டுவிட்டு, வந்த மொபெட்டையும் விட்டுவிட்டு ஓடினார்.

டேவிட் யார் என்று விசாரித்தேன். சேரப்பணஞ்சேரிக்காரர், அதே குழுவில் கிட்டார் வாசித்தவர், அதற்கு முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டாராம். இடது கைக்காரர் என்பதால் கிட்டாரைத் திருப்பிப் பிடித்துத்தான் வாசிப்பாராம். கீழ் விளிம்பு அவருக்கு மேல் விளிம்பு. அந்தக் கிட்டார் பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று அவர் தங்கை லில்லியிடம் ஜெயசீலன் பொய் சொல்லியிருக்கிறார். அந்தத் தேய்மானத்தைப் பார்த்தால் யாருடையது என்று ஊரே சொல்லிவிடும், அதை அழிக்கத்தான் என்னிடம் வந்திருக்கிறார். திருட்டை மறைக்க என் கையா கிடைத்தது?

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். லில்லி அந்த மரம் தெரிந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். "எங்கண்ணன் கை வெக்கிற எடம்ணா" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுத்தி ஏன்ணா பெயிண்ட் இவ்ளோ மோசமா அடிச்சிகீறீங்க?" என்று கேட்டாள்.

ஜெயசீலன் கடைசி வரை, தனசேகர் பெயிண்டைக் கரைக்கிற தின்னரை ஊற்றிக் கெடுத்துவிட்டான் என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்கப்புறம் எனக்கு லாரி வேலை பாதியாகக் குறைந்தது.

அதைக்கூட மன்னித்துவிடலாம். டேவிட்டைத்தான் மன்னிக்க முடியவில்லை. நான் என்ன தெரிந்தா செய்தேன்? ஷேடு பார்க்க இடது கட்டைவிரல் நகத்தில் வைத்தேனே ஒரு சொட்டு, அது தின்னரில் போகவில்லை. சரி, நகம் வளர்ந்தால் போய்விடும் என்று இருந்தேன். நகம் வளர்கிறது, வெட்டுகிறேன், சொட்டு மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. இரண்டு வருஷத்தில் செங்கல் நிறத்துக்கு வந்தது. இப்போது அதன் கீழ் ஓரம் மாங்கொட்டை மாதிரித் தேய்ந்து நகம் தெரிகிறது. கிட்டாரைத்தான் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேனே, இன்னும் என்ன வேண்டுமாம்? காலையில் எழுந்தால் தலையணையில், இடது பக்கம், கொஞ்சம் சிவப்புப் பொடி கிடக்கிறது.