இருதயராஜின் கேன்டீன் வேலை

மாதனூர் இருதயராஜுக்கு வருஷம் தவறாமல் தீபாவளியன்றுதான் வேலூர் மிலிட்டரி கேன்டீனில் அவசர வேலை வரும். கார்கில் சண்டைக்குப் போய்வந்து, இப்போது ஷூ கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கிறவர். அவர் மீசையைப் பார்த்தே லாரி டிரைவர்கள் ஹாரனை அடக்கிக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் விடிவதற்குள் பையோடு பஸ் ஏறி, ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்திக்கொண்டு, ஆம்பூருக்கும் வேலூருக்கும் நாள் முழுக்கப் போய்ப்போய் வருவார். ஊர் அடங்கியதும் வெறும் பையோடு திரும்பி, "ஸ்டாக் இல்லியாம், ஒரே பேஜாரு" என்பார்.

தெருக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "சார், எனக்கு நாலு சோப்பு" என்று சிரிக்காமல் லிஸ்ட் கொடுத்தனுப்புவார்கள்.

உண்மையை அவர் மனைவி பூவம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. மலைமேல் அவரிடம் பீடி கேட்டுக்கொண்டிருந்த தோஸ்த், ஒரு குண்டு விழுந்தபின் இல்லை. அன்றிலிருந்து எங்கே வெடிச்சத்தம் கேட்டாலும் அவர் உடம்பு தானாகத் தரையில் விழும். அந்த வெட்கம் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

மகள் ஜாஸ்மினின் கல்யாணம் வந்தது. மாதா கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அவள் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டியவர் அவர்தான். மாப்பிள்ளை வீட்டாரோ பத்தாயிரம் வாலா சரவெடியோடு முந்தின நாளே அணைக்கட்டு ஊரிலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள். காலையில் இருதயராஜ் பையைத் தேடி எடுத்தார்.

"கேன்டீன்ல கொஞ்சம் அவசரமா..."

"திங்கக்கெழம கேன்டீன் லீவுப்பா," என்றாள் வெள்ளைப் புடவையில் நின்ற ஜாஸ்மின். "தீபாவளிக்கும் லீவுதான். தெருவுக்கே தெரியும்."

"அப்ப இன்னாத்துக்கு லிஸ்ட்டு குடுத்தாங்க?"

"நீ சங்கடப்படக் கூடாதுன்னுதான். வாப்பா. சரவெடிய அம்மா ராத்திரியே தண்ணித் தொட்டியில முக்கி எடுத்துட்டாங்க."

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் மாமா பந்தாவாகப் பற்றவைத்தார். புஸ்ஸென்று புகைந்தது. அவர் கடைக்காரனைத் திட்ட, பூவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எப்படியோ நனையாமல் தப்பித்த ஒரே ஒரு வெடி மட்டும் டமாரென்று வெடித்தது.

இருதயராஜ் தரையில் கிடந்தார். புடவை மண்ணாவதைப் பார்க்காமல் ஜாஸ்மினும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"பஸ் ஏறணும்னா ஏறிட்டு வாப்பா. நா இங்கயே இருக்கேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேன்டீன் லீவும்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து, மகளுக்குக் கையைக் கொடுத்தார்.