இரைச்சலுக்கு எரியாத பல்பு

என் அண்ணன் கோயில் திருவிழாக்களில் வாணவேடிக்கை விடுகிறவர். திரியில் நெருப்பு வைப்பார், தலைதெறிக்க ஓடுவார். அந்த ஓட்டத்தை நிறுத்தத்தான் நான் ரிமோட் செய்ய உட்கார்ந்தேன். வெடிக்குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு ரிசீவர் இருக்கும். தூரத்திலிருந்து அமுக்கினால் அது வெடியைப் பற்றவைக்கும். ஆனால் அண்ணன் குனிந்து ஒயர் மாட்டும்போதும் ரிசீவர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அமுக்காமலே அது பற்றவைத்துவிட்டால்?

திருவிழாத் திடலில் மைக் செட், ஜெனரேட்டர், ராட்டின மோட்டார் எல்லாம் காற்றில் மின்சாரக் குப்பையைக் கொட்டும். அதே குப்பையை என் பட்டறையில் உண்டாக்கினேன். ஸீனர் டயோடு என்கிற சின்ன மின் உறுப்பில் மின்சாரத்தைத் தலைகீழாகச் செலுத்தினால் ஒழுங்கே இல்லாத இரைச்சல் கிடைக்கும். ஸ்பீக்கரில் கேட்டால் சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த சத்தம். எனக்கு அப்படியொரு குஷி! அதைப் பெருக்கி ரிசீவர் மேல் பாய்ச்சினேன். வெடிக்குப் பதில் மாட்டியிருந்த பல்பு எரியவில்லை.

“பாஸாயிருச்சுல்ல? ஆமத்தூர் கோயில் பொங்கலுக்குக் கொண்டு போயிருவோம்” என்றார் அண்ணன்.

இரைச்சலைக் கூட்டினேன். என் ரேடியோவே கரகரத்தது, பல்பு அசையவில்லை. நான் செய்த பிள்ளை இவ்வளவு சமர்த்தாக இருக்காதே! மேசையில் கையை ஊன்றியபோதுதான் உறைத்தது.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் உள்ள செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் சேர்ந்த மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். அங்கே வேலை பார்த்த பழக்கத்தில் அண்ணன் என் பட்டறை வாசலிலும் தகடு அடித்திருந்தார். போதாததற்கு என் தகர மேசைக்கும் எர்த் கொடுத்திருந்தார். ரிசீவரின் இரும்புப் பெட்டி அந்த மேசை மேல்தான் இருந்தது. நான் பாய்ச்சிய இரைச்சல் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. திடலில், காய்ந்த கரிசல் மேல் கிடக்கும் பெட்டிக்கு ஏது எர்த்?

பெட்டிக்கு அடியில் மரப்பலகையை வைத்து இரைச்சலைத் திறந்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“எரிஞ்சிருச்சு!” என்று குதித்தேன். அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“ஏ பாப்பா, இதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?”

“இங்கன எரிஞ்சதுக்குத்தாண்ணே. அங்கன எரிஞ்சிருந்தா நீங்கல்ல பக்கத்துல இருப்பீக?”

ரிமோட்டின் உத்தரவு மூன்று தடவை அச்சுப் பிசகாமல் வந்தால்தான் ரிசீவர் கேட்க வேண்டும் என்று மாற்றினேன். குருட்டு இரைச்சல் ஒரே சொல்லை மூன்று தடவை சொல்லட்டும் பார்ப்போம்! பலகை மேலேயே வைத்து, இருந்த இரைச்சலையெல்லாம் கொட்டினேன். பல்பு எரியவில்லை. ரிமோட்டை அமுக்கினேன், எரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆமத்தூர் திடலில் மைக் செட் அலறியது, ராட்டினம் சுற்றியது. அண்ணன் குழாய்கள் மேல் குனிந்து ஒவ்வொரு ஒயராக மாட்டினார். நான் ரிமோட்டோடு தூரத்தில் நின்றேன். கடைசி ஒயரையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தவர், வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, கடலை கொறித்தபடி என்னிடம் நடந்து வந்தார்.

ஓடவில்லை. நடந்து வந்தார்.