கல்யாணசுந்தரம் கரையில் நின்ற காலை

சவூதியின் அல் கோபாரில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்து பழுதுபார்க்கும் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் கல்யாணசுந்தரம் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட்டின் தாடைப்பட்டி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் வேலையை நிறுத்திவிடுகிற மனிதர். "சேஃப்டி சார் வீட்டுல பெர்மிட் போடாம உலை கொதிக்காதுடா" என்று தொட்டி வேலை செய்யும் கார்மேகம் கேம்ப் பஸ்ஸில் சொல்வான். சிரிப்பு கடைசி சீட்டு வரை போகும். காதில் விழாதது மாதிரி அவர் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். உள்ளுக்குள் அது அவருக்குப் பிடிக்கவும் செய்யும்.

எல்லாவற்றிலும் கண்டிப்புதான் என்றாலும் ஒரு விஷயத்தில் அவர் வெறி பிடித்தவர் மாதிரி இருப்பார். தொட்டிக்குள் ஒருவன் இறங்கினால், இறங்கிய துவாரத்தின் வாயில் இன்னொருவன் நிற்க வேண்டும். ஹோல் வாட்ச் என்பார்கள். உள்ளே இருப்பவனைப் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் அவன் வேலை, வேறு எதுவும் கிடையாது. போனைத் தொடக் கூடாது. தண்ணீர் குடிக்க நகரக் கூடாது. கல்யாணசுந்தரம் சத்தமில்லாமல் பின்னால் வந்து, "உள்ள யாரு?" என்பார். நிற்பவன் திரும்பாமலே பேரைச் சொல்ல வேண்டும். தலை திரும்பினால் அன்றைக்கு அந்த இடத்தில் வேறு ஆள்.

"முதலாளியே வந்து கூப்பிட்டாலும் திரும்பாத. உள்ள இருக்கவன் ஒன்ன நம்பித்தான் எறங்கியிருக்கான்."

இதை அவர் மனப்பாடமாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் தோன்றியது மாதிரி, குரல் கொஞ்சம் தழுதழுக்கச் சொல்வார்.

அவர் மனைவி பிரபாவதி திண்டுக்கல்காரி. கல்யாணம் முடிந்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து கடலோரத்தில்தான் குடித்தனம். ஆனாலும் கார்னிஷ் என்கிற கடற்கரைப் பாதையில் மாலை நடை போகும்போது கால் நனைத்ததோடு சரி. "வாசல்ல கடல வச்சிக்கிட்டு பக்கெட்ல குளிக்கிற ஜென்மம் நான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அவள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. வெளியூர் போய் ஒரு கடலைப் பார்த்தால் தலை நனைக்காமல் திரும்பக் கூடாது. முகத்தில் மஞ்சள் பூசி, தண்ணீரில் ஒரு காசு போட்டு, சூரியனைக் கும்பிட்டு, கட்டிய சேலையோடு மூன்று தரம் முங்கி எழ வேண்டும். அவளுக்கோ தண்ணீர் என்றால் பயம். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரத்தில் முங்கியபோது கல்யாணசுந்தரம்தான் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டிலும் அப்படித்தான். பரணில் இருந்து ஒரு பாத்திரம் எடுக்க வேண்டுமென்றாலும், "என்னங்க, ஸ்டூலப் புடிங்க" என்று குரல் வரும். அவர் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் ஏறுவாள்.

ஹஜ் பெருநாள் லீவுக்கு, கோயம்புத்தூரில் படிக்கும் மகன் ஆதித்யா போய்வரச் சொல்லி அடம்பிடித்ததால், கணவனும் மனைவியும் துருக்கிக்குப் புறப்பட்டார்கள். அந்தாலியாவில் இறங்கி, காரை வாடகைக்கு எடுத்து, மத்தியதரைக் கடலை ஒட்டி மேற்கே போவதாகத் திட்டம். ஒரு பக்கம் பைன் மரம் மூடிய மலை, மறு பக்கம் நேர் கீழே கடல். பாறைக்குப் பாறை தண்ணீர் நிறம் மாறிக்கொண்டே வந்தது. "இது என்னங்க, துணிக்கடையில சேலைய விரிச்சுப் போட்ட மாதிரி" என்றாள் பிரபாவதி.

காஷ் என்ற சின்ன ஊர் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. வெள்ளைச் சுவர்களில் காகிதப்பூ வழிந்தது. கடைவீதி நடுவிலேயே பழங்காலத்துக் கல்லறை ஒன்று உயரமாக நின்றது. அதன் அடியில் படுத்திருந்த பூனைகளோடு அவள் தமிழில் பேசினாள். எள் தூவிய வளைய ரொட்டியைப் பிய்த்து, கைப்பையில் கொண்டுவந்த பருப்புப்பொடியில் தொட்டுக்கொண்டாள். சாயங்காலம் படகுத்துறையில் உட்கார்ந்தபோது, எதிரே தெரிகிற தீவு கிரேக்க நாடு என்று கல்யாணசுந்தரம் சொல்ல, "அங்கயும் கடல்தானே, அவங்க முங்குவாங்கல்ல?" என்றாள்.

போன கடற்கரையில் எல்லாம் அதே கேள்விதான். "இங்க முங்கட்டுமா?"

"இங்க வேணாம் பிரபா. கூட்டமா இருக்கு."

"நேத்து கூட்டமில்லாத எடத்துலயும் வேணாம்னீங்க."

"எல்லாரும் ஸ்விம்மிங் டிரெஸ்ல இருக்காங்க. நீ சேலையோட எறங்குனா ஒரு மாதிரி பாப்பாங்க."

"துணியில்லாம இருக்கவங்கள நான் ஒண்ணும் பாக்கல. துணியோட இருக்கறவள அவங்க எதுக்குப் பாக்கணும்?"

அவர் காரைப் பார்த்து நடந்தார். நாளைக்கு என்றார்.

அவர் சொன்ன அந்த 'நாளைக்கு' கடைசி நாள் காலையில்தான் வந்தது. காஷைத் தாண்டி, சாலையிலிருந்து நீளமான படிக்கட்டு இறங்குகிற ஒரு சின்ன வளைகுடா. இரண்டு பாறைகளுக்கு நடுவில் கொஞ்சம் கூழாங்கல் கரை, அதற்கு அப்பால் கண் கூசும் நீலம். பிரபாவதி ஓட்டலிலேயே பழைய மஞ்சள் நைலக்ஸ் சேலையைக் கட்டி, முகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருந்தாள். கல்யாணசுந்தரம் புதுக் கூலிங் கிளாஸ், தொப்பி, வெள்ளை ஷூ.

"கையப் புடிச்சுக்கறீங்களா?"

"ஷூ நனைஞ்சிரும்மா. நீ போ. நான் இங்கயே நின்னு பாத்துக்கறேன்."

"கண்ண எடுத்துடாதீங்க, என்ன?"

"யாருகிட்ட சொல்ற?" என்று சிரித்தார்.

அவள் கற்களின் மேல் தடுமாறி இறங்கினாள். இடுப்பளவுக்கு வந்ததும் காசைப் போட்டுக் கைகூப்பினாள். அப்போதுதான் பின்னால் இருந்து குரல் வந்தது.

"கல்யாண் சார்! நீங்க எங்க சார் இங்க?"

கல்யாணசுந்தரம் திரும்பிவிட்டார்.

விஷால் நின்றார், கூட அவர் மனைவி சம்யுக்தா. விஷால் கம்பெனிக்குச் சமீபத்தில் வந்த புராஜெக்ட் மேனேஜர். ரியாத்தில் வளர்ந்தவர், வயதில் சின்னவர், பதவியில் பெரியவர். இன்னும் வீட்டுப் பழக்கம் ஏற்படவில்லை. பிரபாவதியை அவர்கள் பார்த்ததே கிடையாது. "சைட்ல அந்த கவர்ஆல்ல பாத்துப் பாத்து... ஷேட்ஸ் எல்லாம் போட்டு ஹீரோ மாதிரி இருக்கீங்க சார்" என்று விஷால் கைகுலுக்கினார். கல்யாணசுந்தரத்துக்கு உச்சி குளிர்ந்தது.

சம்யுக்தா அவருக்குப் பின்னால் கடலைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "விஷ், அங்க பாரேன். ராமேஸ்வரம்னு நெனச்சு எறங்கிட்டாங்க போல. மஞ்சள்லாம் பூசிக்கிட்டு!"

விஷாலும் சிரித்தார். "நம்ம ஊருதான். உங்க கூட வந்தவங்களா சார்?"

"சேச்சே" என்றார் கல்யாணசுந்தரம். "தெரியல. யாரோ டூர்ல வந்தவங்களா இருக்கும்."

"மேடம் வரலையா?"

"ரூம்ல இருக்காங்க. கொஞ்சம் தலைவலி."

ஒன்றன்பின் ஒன்றாக, யோசிக்காமலே வாயில் வந்தது. வந்த பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதனால் அவர் கடலுக்கு முதுகைக் காட்டியபடியே நின்று, அந்தாலியாவில் எந்த ஓட்டல் நல்லது என்று சொல்லத் தொடங்கினார்.

விசில் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார். அந்தக் கரை சட்டென்று ஆழமாகும் கரை. மூன்றாவது முங்கலில் காலடிக் கற்கள் சரிந்திருக்க வேண்டும். தண்ணீர்மேல் மஞ்சள் சேலை மட்டும் விரிந்து கிடந்தது. பிறகு ஒரு கை தெரிந்தது. கரையில் நீச்சல் காவலுக்கு இருந்த இளைஞன் பாய்ந்து போய் அவளை இழுத்துக்கொண்டு வந்தான். கரையில் குப்புறக் கிடந்து இருமினாள். சேலை கலைந்திருந்தது. பக்கத்தில் படுத்திருந்த ஒரு துருக்கிக்காரி எழுந்தோடிவந்து தன் துண்டை அவள்மேல் போர்த்தினாள்.

கல்யாணசுந்தரத்தின் கால்கள் இரண்டடி முன்னே போயின. அங்கேயே நின்றன.

"ஃபேமிலி?" என்று இளைஞன் சுற்றிலும் பார்த்துக் கத்தினான். "ஹூ இஸ் வித் ஹர்? ஃபேமிலி?"

பிரபாவதி தலையைத் தூக்கினாள். கூட்டத்துக்கு நடுவில் கூலிங் கிளாஸையும், அதற்குப் பக்கத்தில் நின்ற புது மனிதர்களையும் பார்த்தாள். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நோ ஃபேமிலி" என்றாள். "அலோன்."

சம்யுக்தாவுக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலோடு போய்க் குனிந்தாள். "தமிழா ஆன்ட்டி? யார் கூட வந்தீங்க?"

"தனியாத்தான்மா வந்தேன்."

அதற்கு மேல் அங்கே நிற்க கல்யாணசுந்தரத்தால் முடியவில்லை. ரூம்ல காத்திருப்பாங்க என்று முணுமுணுத்துவிட்டுப் படியேறினார். தன் மனைவியை அந்நியர்களிடம் விட்டுவிட்டு, அவள் ரூமில் காத்திருப்பதாகச் சொல்லி ஏறினார். காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்து பிரபாவதி ஈரச்சேலையோடு மேலே வந்து, பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "முன் சீட்டு நனைஞ்சிரும்" என்றாள்.

அல் கோபாருக்குத் திரும்பிய பிறகு அவள் பேசாமல் இருக்கவில்லை. சாப்பிட வாங்க என்றாள், அயர்ன் பண்ண சட்டை பெட்டில இருக்கு என்றாள். "பிரபா, அன்னைக்கு..." என்று அவர் எடுத்தால், "பால் பொங்கிரும்" என்று எழுந்து போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தபோது, பரணில் இருந்த பெரிய அண்டா கீழே கழுவிக் கவிழ்த்தியிருந்தது. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து, தானே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கியிருந்தாள்.

சைட்டில் தொட்டி வாயில் ஹோல் வாட்ச் நிற்பதைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டு அவர் வேறு பக்கம் போகத் தொடங்கினார். ஒரு நாள் அவர் கடந்து போனபோது, ஹோல் வாட்ச் நின்ற கார்மேகம்தான் கேட்டான், தலையைத் திருப்பாமல்: "என்ன சார், இப்பல்லாம் உள்ள யாருன்னு கேக்கவே மாட்டேங்கறீங்க? பேர மனப்பாடம் பண்ணி வச்சிக்கிட்டு காலைலேருந்து நிக்கிறேன்."

"வேலையப் பாருய்யா" என்றார்.

விஷால் விடவில்லை. வெள்ளிக்கிழமை மேடத்தோட சாப்பிட வாங்க என்று வாரா வாரம் அழைத்தார். கல்யாணசுந்தரம் தலைவலி என்றார், ஏசி ரிப்பேர் என்றார், மறுபடி தலைவலி என்றார். "டாக்டர்கிட்ட காட்டுங்க சார். ஹாலிடேல இருந்தே இருக்கே" என்றார் விஷால், உண்மையான அக்கறையோடு.

ஒரு நாள் குளித்துவிட்டு வந்தபோது பிரபாவதி அவர் போனை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். "உங்க மேனேஜர் பேசுனாரு. வெள்ளிக்கிழமை வரோம்னு சொல்லிட்டேன்."

"ஏன் பிரபா? அந்தப் பொண்ணு ஒன்னப் பாத்தா..."

அந்த விஷயத்தை இருவரும் வாய்விட்டுத் தொட்டது அப்போதுதான்.

"பாத்தா என்ன? நான் தனியாத்தான் வந்தேன்னு சொல்லியிருக்கேன். நானா மாத்திச் சொல்ல மாட்டேன். நீங்க என்ன சொல்லணுமோ சொல்லிக்கங்க."

வெள்ளிக்கிழமை லிஃப்டில் போகும்போது அவர் மனசுக்குள் இரண்டு மூன்று பொய்களை உரசிப் பார்த்தார். அவள் தனியாக முன்னாடியே போயிருந்தாள். அல்லது, கண்ணாடி போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொன்றும் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது. பிரபாவதி பாயசப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தது சம்யுக்தா. "வாங்க வா..." என்றவள் நிறுத்தினாள். "ஆன்ட்டி! நீங்க அந்த..." கண் பிரபாவதியிடமிருந்து கல்யாணசுந்தரத்துக்குப் போனது, திரும்பி வந்தது. பின்னால் சிரித்தபடி வந்த விஷாலும் நின்றார்.

பிரபாவதி வாய் திறக்கவில்லை. கல்யாணசுந்தரம் ஒரு ஷூவைக் கழற்றியிருந்தார், இன்னொன்று காலில் இருந்தது.

"இது என் வீட்டுக்காரி, பிரபாவதி" என்றார். "அன்னைக்கு என் கூடத்தான் வந்திருந்தா. நான்தான் பாத்துக்கறேன்னு சொல்லி தண்ணிக்குள்ள அனுப்புனேன். நீங்க சிரிச்சதும்... தெரியாதுன்னு சொல்லிட்டேன். தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

சம்யுக்தாவின் முகம் சிவந்தது. தான் சொன்ன ராமேஸ்வரம் அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "உள்ள... உள்ள வாங்க சார்" என்றார் விஷால், அவர் முகத்தைப் பார்க்காமல். பிரபாவதி பாத்திரத்தைச் சம்யுக்தாவிடம் கொடுத்து, "இனிப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா" என்று சொல்லிக்கொண்டே அவருக்கு முன்னால் உள்ளே போனாள்.

சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. பெண்கள் இருவரும் பேசினார்கள், ஒரு தடவை சிரித்தும் கேட்டது. விஷால் அவருக்கு வெறும் வேலை விஷயம் சொன்னார். கல்யாணசுந்தரம் இலையைப் பார்த்தே சாப்பிட்டார்.

வீடு திரும்பிய கையோடு பிரபாவதி, இறக்கியதிலிருந்து கீழேயே கிடந்த அண்டாவைப் பரணில் ஏற்ற ஸ்டூலை இழுத்தாள். கல்யாணசுந்தரம் சட்டை மாற்றாமலே வந்து ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். நான் பாத்துக்கறேன். போய்ப் படுங்க."

அவர் போகவில்லை. அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறினாள். வழக்கமாக அவர் தோளுக்கு வரும் கை சுவரைப் பிடித்திருந்தது. அறையில் அவர் போன் அடித்து, நின்று, மறுபடி அடித்தது. அவர் அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்டா பரணுக்குள் உரசிக்கொண்டு போனது.

இறங்கும்போதும் அவள் சுவரைத்தான் பிடித்து இறங்கினாள்.