நான் சுத்தம் செய்த படம்

தென்காசியில் இருபது வருடமாக பிளக்ஸ் அடிக்கிறேன். காதணி விழாவோ கண்ணீர் அஞ்சலியோ, எது வந்தாலும் எனக்கு முதல் வேலை படத்தைச் சுத்தம் செய்வதுதான். மங்கலான செல்போன் படத்தில் இறந்தவரின் கண்ணைத் திறந்து, நெற்றியில் திருநீறு வைத்து, தோளில் சால்வை போர்த்திக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன சாரல் சீசனில் என் மகள் பிளக்ஸில் அடிக்கச் சொல்லி ஒன்பது படங்களை பென் டிரைவில் கொண்டுவந்தாள். உக்ரைனில் டாக்டருக்குப் படித்தபோது சண்டை மூண்டு, பாதியில் ஓடிவந்தவள். அங்கே அவளோடு ஒரே அறையில் இருந்த அந்த நாட்டுப் பெண் ஓவியம் படித்தவள். பத்திரிகையிலும் டிவியிலும் வந்த போர்ப் படங்களின் மேல் பெயிண்ட் பூசுவதுதான் இப்போது அந்தப் பெண்ணின் வேலை. அவற்றைக் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் மாட்ட வேண்டும், மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவள் வீடியோ காலில் வருவாள் என்று சொல்லிவிட்டு மகள் போய்விட்டாள்.

எட்டுப் படங்களில் கலர் கலராகப் பூச்சு. ஒன்றில் மட்டும் தெரு நடுவே வெறும் வெள்ளைத் திட்டு, பக்கத்தில் ஒரு துணிப்பை. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நெட்டில் தேடி அசல் செய்திப் படத்தைப் பிடித்தேன். திட்டு இருந்த இடத்தில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். போர்ப் படம்தானே என்று அவளை வெட்டி ஒட்டி, வெளிச்சம் கூட்டி அடித்துவிட்டேன்.

மறுநாள் பத்தரைக்கு அதை மாட்டியதும் மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னப்பா செஞ்சிருக்கீய? அது படம் அனுப்புனவளோட அம்மா. அவளே வெள்ள பூசி மறச்சது."

கழற்றிவிடலாமா என்றேன். அந்த ஒன்றைத்தான் முதலில் கேட்பாள் என்றாள். அழைப்புக்கு அரை மணி நேரம்கூட இல்லை. மண்டபத்தில் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை பெயிண்டை வாங்கிக்கொண்டு படத்தின் முன்னால் நின்றேன்.

மறைக்க வேண்டுமானால் பார்க்க வேண்டும். விளிம்பு விளிம்பாகப் பூசிக்கொண்டு வந்தவன் அவள் காலருகே வந்ததும் நிறுத்திவிட்டேன். பழுப்பு பூட்ஸ். இதே படத்தைச் சண்டை மூண்ட சமயம் டிவியில் பார்த்திருக்கிறேன். மகளின் போன் கிடைக்காத மூன்று நாட்களில் ஒருநாள், செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, மகளிடம் இல்லாத இந்த பூட்ஸைப் பார்த்துத்தான் நம் பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டேன். அதன்பிறகு காப்பி போட்டுக் குடித்தேன். அதை இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது. பூட்ஸையும் பையையும் சேர்த்து மொத்தமாகப் பூசிவிட்டேன்.

பதினோரு மணிக்கு அந்தப் பெண் மகளின் போன் திரையில் வந்தாள். மகள் படம் படமாகக் காட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளையின் முன்னால் அந்தப் பெண் நிறுத்தச் சொன்னாள். ஏதோ கேட்டாள். மகள் முகம் மாறியது.

"பை எங்கன்னு கேக்குறா. அவ அம்மா அவளுக்கு ரொட்டி வாங்கிட்டு வந்த பையாம். அத மட்டும் எல்லாரும் பாக்கணுமாம்."

நான்தான் பூசினேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாளா, தெரியவில்லை. சாரல் ஈரத்தில் பெயிண்ட் காய்ந்திருக்கவில்லை. தோள் துண்டை நனைத்துத் துடைத்தேன். பை வந்தது. கூடவே பூட்ஸின் நுனியும் வந்துவிட்டது. அது அந்தப் பெண் கண்ணில் படாமல் அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டேன். அழைப்பு முடியும்வரை எடுக்கவில்லை.